மூணு மணிக்கு முழிப்பு

*மெனோபாஸ் காலத்துத் தூக்கமின்மை: சொல்லத் தயங்குகிறார்கள் பெண்கள், கேட்க மறந்திருக்கிறோம் நாம்*

ராத்திரி 2.50. சென்னை அம்பத்தூரில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள ஃபிளாட். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் இன்னும் சூட்டை இறக்கிக்கொண்டிருக்கிறது. 49 வயதுப் பெண் ஒருவர் திடுக்கென்று எழுந்து உட்காருகிறார். நெஞ்சிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து முகத்துக்கு அனல் ஏறுகிறது. காதுமடல் சுடுகிறது. இரண்டே நிமிடத்தில் நைட்டியின் முதுகுப்பக்கம் தொப்பல். தட்டுத் தடுமாறிப் போய் ஃபேனை அஞ்சில் வைக்கிறார்.

"ஏம்மா, கொஞ்சம் குறைச்சு வையேன்... குளிருது" என்று போர்வையை இழுத்துக்கொள்கிறார் கணவர்.

பத்து நிமிடத்தில் அனல் அடங்கி, நனைந்த துணி முதுகில் ஒட்டிக் குளிர, இப்போது இவருக்கே நடுக்கம். வேறு நைட்டி மாற்றிக்கொண்டு வந்து படுத்தால் தூக்கம் போன இடம் தெரியவில்லை. ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும், ஏழரைக்குக் கம்பெனி வேன். 'இப்போ தூங்கினாக்கூட ரெண்டு மணி நேரம்' என்று கணக்குப் போடுகிறார். போனை எடுக்கிறார். மதுரையில் இருக்கும் அக்காவின் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று காட்டுகிறது.

"என்னக்கா, தூங்கலையா?"

"நீ ஏன்டி முழிச்சிருக்க?"

அக்காவுக்கு 53 வயது. நாலு வருடமாக அவருக்கும் இதே கதை. தங்கையிடம்கூடச் சொன்னதில்லை. "இதையெல்லாம் போய் என்னத்தச் சொல்றது? அம்மாவும் இப்படித்தான் ராத்திரியெல்லாம் திண்ணையில உக்காந்து விசிறிக்கிட்டிருக்கும். வயசான புழுக்கம்னு நெனச்சோம்" என்கிறார் நம்மிடம்.

மெனோபாஸை ஒட்டிய ஆண்டுகளில் 40 முதல் 60 சதவிகிதப் பெண்களுக்கு ஏதோ ஒரு வகையில் தூக்கம் கெடுகிறது என்கின்றன ஆய்வுகள். ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவர். ஆனாலும், வீட்டுக்குள் இதைப் பற்றி ஒரு பேச்சு கிடையாது.

உடம்புக்குள் ஒரு தெர்மோஸ்டாட்

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால் அது மெனோபாஸ். மேலை நாடுகளில் சராசரியாக 51 வயதில் வருவது, இந்தியப் பெண்களுக்கு 46, 47 வாக்கிலேயே வந்துவிடுகிறது. பீரியட்ஸ் முன்னும் பின்னுமாகத் தடுமாறத் தொடங்கும் 'பெரிமெனோபாஸ்' அதற்குச் சில வருடங்கள் முன்பே ஆரம்பிக்கும். ஆக, 42 வயதுப் பெண் தூக்கம் வரவில்லை என்றால், 'உனக்கு என்ன அதுக்குள்ள?' என்று கேட்பதில் அர்த்தமில்லை.

மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதிதான் உடலின் வெப்பத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அங்குள்ள சில நரம்பணுக்கள் அடங்காமல் துள்ள ஆரம்பிக்கின்றன. உடல் சூடு துளி ஏறினாலும், ஏதோ கொதிநிலைக்குப் போய்விட்டது போல ரத்தக் குழாய்களை விரித்து, வியர்வையைக் கொட்டச் சொல்லி உத்தரவு பறக்கிறது. இதுதான் 'ஹாட் ஃபிளாஷ்'. ராத்திரியில் வந்தால் இரவு வியர்வை. கூடவே, தூக்கத்துக்குத் துணைசெய்யும் புரோஜெஸ்டிரோனும் குறைகிறது. மே மாத ராத்திரியிலும் புழுக்கம் தணியாத சென்னையில் இந்த உத்தரவுக்கு என்ன பலன் கிடைக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

> பெட்டிச் செய்தி: எது 'நாள்பட்ட' தூக்கமின்மை?
>
> வாரத்தில் 3 ராத்திரியாவது தூக்கம் பிடிக்காமலோ, நடுவில் விழித்தோ, விடியுமுன் முழிப்பு வந்தோ சிரமப்பட்டு, பகலிலும் அதன் பாதிப்பு தெரிந்து, இது 3 மாதங்களுக்கு நீடித்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை.
>
> அமெரிக்காவில் 1990-களின் நடுவிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்களைத் தொடர்ந்து கவனித்துவரும் 'ஸ்வான்' ஆய்வு 2015-ல் சொன்னது: அடிக்கடி அனல், வியர்வைத் தொல்லை உள்ளவர்களில் பாதிப் பேருக்கு அது 7.4 ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. 'ஆறு மாசத்துல சரியாயிடும்' என்று சொல்பவர்கள் கவனிக்கவும்.

எழுப்புவது ஒன்று, தூங்கவிடாதது இன்னொன்று

இங்கேதான் பலரும் கோட்டைவிடுகிறோம். வியர்வை ஒரு பெண்ணை எழுப்பிவிடுகிறது, சரி. அது பத்து நிமிடத்தில் அடங்கியும்விடுகிறது. பிறகும் இரண்டு மணி நேரம் அவர் ஏன் முழித்திருக்கிறார்? வியர்வையே வராத ராத்திரியிலும் ஏன் மூணு மணிக்குக் கண் திறக்கிறது?

தூக்க ஆய்வாளர் ஆர்தர் ஸ்பீல்மேன் 1987-ல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். தூக்கமின்மைக்கு இடம்கொடுக்கும் காரணம் ஒன்று, அதைத் தொடங்கிவைக்கும் காரணம் ஒன்று, விடாமல் பிடித்துவைத்திருக்கும் காரணம் ஒன்று. மூன்றும் வேறு வேறு. மெனோபாஸ் தொடங்கிவைக்கிறது. பிடித்துவைப்பது, அதைச் சமாளிக்க நாம் செய்யும் காரியங்கள்தான்.

நேற்று தூங்கவில்லை என்பதால் இன்று எட்டரைக்கே படுப்பது. மத்தியானம் சாப்பிட்டதும் ஒன்றரை மணி நேரம் கண்ணயர்வது. சாயங்காலம் தலை கனக்கிறது என்று புதிதாக டிகாக்‌ஷன் இறக்கி, ஆறு மணிக்கு ஸ்ட்ராங்காக ஒரு காபி. அதில் உள்ள கஃபீனில் பாதி, ராத்திரி பதினொன்றுக்கும் உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும். முழிப்பு வந்ததும் முதல் வேலையாக மணி பார்ப்பது, பார்த்ததும் மனக்கணக்கு. விழித்தபடி படுக்கையிலேயே புரண்டுகொண்டிருப்பதால் மூளை ஒன்றைக் கற்றுக்கொள்கிறது: கட்டில் என்பது கவலைப்படுவதற்கான இடம்.

திருச்சியில் வங்கி அதிகாரியாக இருக்கும் 51 வயதுப் பெண் சொன்னது இதற்கு அச்சு அசல் உதாரணம். "ஹால்ல சோபாவுல டி.வி ஓடிட்டிருக்கும், நான் கழுத்து தொங்கத் தூங்கிட்டிருப்பேன். 'உள்ள போய்ப் படும்மா'ன்னு பொண்ணு எழுப்பிவிடுவா. பெட்ரூம் வாசல் தாண்டினதும் பளிச்னு முழிப்பு வந்துடும். லைட்டை அணைச்சா நெஞ்சு படபடங்கும்." இவருக்கு ஹாட் ஃபிளாஷ் குறைந்து ஒன்றரை வருடமாகிறது. தூக்கம் மட்டும் திரும்பவில்லை.

பகல் கொடுக்கும் விலை

அம்பத்தூர்ப் பெண் ஆயத்த ஆடை யூனிட்டில் சூப்பர்வைசர். போன மாதம் அளவு ஸ்டிக்கர் மாறி ஒட்டிய பெட்டிகள் பேக்கிங் வரை போய்விட்டன. "இருபத்தியிரண்டு வருஷ சர்வீஸ் சார். கண்ணை மூடிட்டுச் செய்யுற வேலை. அன்னிக்கு என் கண்ணு முன்னாடி எல்லாமே தப்பாப் போகுது, எனக்குத் தெரியவேயில்ல." மேனேஜர் திட்டினாராம். திட்டியதைவிட, இளம்பெண்கள் முன்னால் திட்டியது வலித்ததாம். என்ன காரணம் என்று அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

வங்கி அதிகாரிக்குப் பழகிய வாடிக்கையாளரின் பெயர் நாக்கு நுனியில் நின்றுவிடுகிறது. 'எனக்கு அல்சைமரா?' என்று ராத்திரி கூகுளில் தேடுகிறார். அந்தத் தேடலே மறுநாள் தூக்கத்தையும் கெடுக்கிறது. மெனோபாஸ் காலத்து மறதி பெரும்பாலும் மறதி நோயின் தொடக்கமல்ல என்று சொல்ல, பக்கத்தில் ஒருவர் இல்லை.

இன்னொரு வழக்கமான ஊர்வலம் உண்டு. ராத்திரி படபடப்பு வருகிறது, ஹார்ட் அட்டாக்கோ என்று பயந்து ஓடுகிறார்கள். ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில். 'எல்லாம் நார்மல்' என்று எழுதி அனுப்புகிறார்கள். பீரியட்ஸ் எப்படி இருக்கிறது, தூக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தால் பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்திருக்கும். இதயத்தைப் பரிசோதித்தது தவறு என்று சொல்லவரவில்லை; நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் ஓடத்தான் வேண்டும். மெனோபாஸுக்குப் பிறகு பெண்களுக்கு இதய நோய் அபாயம் கூடுவதும் உண்மை. நடுவயதில் தூக்கமின்மையும் குறைந்த நேரத் தூக்கமும் சேர்ந்து வருடக்கணக்கில் நீடித்தவர்களுக்குப் பின்னாளில் இதய நோய் வாய்ப்பு அதிகம் என்று ஸ்வான் ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட கட்டுரை சொல்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, மனச்சோர்வு எல்லாவற்றோடும் தூக்கமின்மைக்குக் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது.

வீட்டுக்குள் கிடைக்கும் பட்டமோ வேறு. 'எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறா.' தூங்காத மனுஷி எரிந்து விழாமல் என்ன செய்வார்? கணவர் ஹாலுக்குப் படுக்கையை மாற்றிக்கொள்வது சில வீடுகளில் நல்ல ஏற்பாடு. பேசாமல் மாற்றிக்கொள்ளும்போதுதான் அது விரிசலாகிறது.

இந்தப் பெண்களின் வயதையும் கவனிக்க வேண்டும். மாமியாரின் இருமல் சத்தத்துக்கு எழுந்திருப்பவர் இவர்தான். ஐ.டி ஷிஃப்ட் முடிந்து ரெண்டு மணிக்கு வரும் மகனுக்குக் கதவு திறந்து, தோசைக் கல்லைப் போடுபவரும் இவர்தான். அமெரிக்காவில் இருக்கும் மகளுக்குப் பேச நேரம் கிடைப்பது நம் பின்னிரவில். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிடங்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். எல்லோரும் தூங்கிய பிறகு மிச்சம் இருப்பதுதான் அம்மாவின் தூக்கம் என்பது நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம். ஹார்மோன் அந்த மிச்சத்திலும் கைவைக்கிறது.

கர்ப்பப்பை எடுத்தவர்களின் கதை

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி. 38 வயதில் அதிக உதிரப்போக்குக்காகக் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். சினைப்பைகளையும் எடுத்தார்களா என்று கேட்டால், "தெரியாது. எல்லாத்தையும் எடுத்தாச்சு, இனிமே தொல்லையில்லைன்னாங்க" என்கிறார். மறு மாதத்திலிருந்து உடம்பு எரிச்சல், தூக்கமில்லை. ஊரில் சொன்ன காரணம்: காத்து கருப்பு. மந்திரிக்கக் கூட்டிப்போனார்கள்.

சினைப்பைகளை எடுத்தால் அடுத்த சில நாட்களிலேயே மெனோபாஸ். இயற்கையில் வருடக்கணக்கில் மெல்ல இறங்கும் ஹார்மோன் ஒரே அடியாகச் சரிவதால் அனலும் தூக்கமின்மையும் கடுமையாக இருக்கும். சினைப்பைகளை விட்டுவைத்தாலும் மெனோபாஸ் சற்று முன்கூட்டியே வரலாம். மாதவிடாய்தான் இல்லையே, எப்போது வந்தது என்று தெரியாது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று, நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 3.3 சதவிகிதம் பேர் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்கள் என்கிறது. டிஸ்சார்ஜ் ஷீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். என்னென்ன எடுத்தார்கள் என்பது அதில்தான் இருக்கும்.

'அரை மாத்திரைதானே!'

மெடிக்கல் ஷாப் கவுன்ட்டரில் இது தினசரிக் காட்சி. பழைய சீட்டைக் காட்டி, 'அதே மாத்திரை பத்து குடுங்கண்ணே.' தூக்கத்துக்காக வாங்கும் அல்பிரசோலம், டயசிபாம், சோல்பிடெம் போன்றவை 2014 மார்ச் முதல் 'ஹெச் 1' பட்டியலில் வருபவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யாருக்கு எவ்வளவு விற்றோம் என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சட்டம் அப்படி. தெருமுனைக் கடையில் நடப்பது உங்களுக்கே தெரியும்.

ஒரு நெருக்கடியில், சில நாட்களுக்கு, மருத்துவர் கொடுத்தால் இந்த மாத்திரை உதவும். மாதக்கணக்கில் போனால் அதே அளவு வேலை செய்யாது. அரை ஒன்றாகும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் தூக்கம் கெடும். 'பார்த்தியா, மாத்திரை இல்லாம முடியல' என்று அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்வோம். இன்னொரு ஆபத்து, ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது தள்ளாடி விழுவது. ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு தேயத் தொடங்கும் வயதில் இடுப்பெலும்பு முறிவு என்பது வாழ்க்கையையே மாற்றிவிடும். வருடக்கணக்கில் எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிடவும் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பாட்டி வைத்தியத்தில் ஜாதிக்காய் பால் உண்டு. சிட்டிகைத் தூள் போட்ட வெதுவெதுப்பான பால் பெரும்பாலோருக்குக் கெடுதல் செய்யாது. வேகமாகக் கேட்கட்டும் என்று ஒரு காயையே உரைத்துக் குடித்தால் வாந்தி, மயக்கம், குழப்பம் என்று ஆஸ்பத்திரியில்தான் விழிக்க வேண்டியிருக்கும்.

> பெட்டிச் செய்தி: மெனோபாஸ் மட்டும்தான் காரணமா?
>
> குறட்டை: மெனோபாஸுக்குப் பிறகு தூக்கத்தில் மூச்சு தடைபடும் 'ஸ்லீப் ஆப்னியா' பெண்களுக்குக் கூடுகிறது. பெரிய குறட்டை இல்லாமல், நடுராத்திரி முழிப்பு, காலைத் தலைவலி, பகல் அசதி என்றும் வெளிப்படலாம். தூக்கப் பரிசோதனையில் தெரியும்.
>
> கால் குடைச்சல்: படுத்ததும் காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறதா? இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள்.
>
> தைராய்டு: அதிகமாகச் சுரந்தாலும், மாத்திரை அளவு கூடினாலும் வியர்வையும் படபடப்பும் வரும்.
>
> அவசரம்: மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு துளி ரத்தம் பட்டாலும் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எது வேலை செய்கிறது?

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, 'சி.பி.டி.-ஐ' எனப்படும் பழக்கமாற்றச் சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-ல் பரிந்துரைத்தது. பெயர்தான் மிரட்டும். செய்முறை எளிது, கடைப்பிடிப்பது கஷ்டம்.

இரண்டு வாரம் தூக்க டைரி எழுத வேண்டும். ராத்திரி ஒன்பது முதல் ஆறு வரை படுக்கையில் இருக்கிறீர்கள், தூங்குவது ஐந்தரை மணி நேரம்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் படுக்கைக்கும் ஐந்தரை மணி நேரம்தான் அனுமதி: பதினொன்றரைக்குப் படுத்து ஐந்துக்கு எழ வேண்டும். தூங்கினாலும் தூங்காவிட்டாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும், அதே ஐந்து மணி. பகல் தூக்கம் கிடையாது. முழிப்பு வந்து கால் மணி நேரம்போல ஆகிவிட்டால் எழுந்து வேறு இடத்தில் மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொருகும்போதுதான் கட்டிலுக்குத் திரும்ப வேண்டும். மணி பார்க்கக் கூடாது. படுக்கும் நேரத்தில் பெரும்பகுதி தூங்க ஆரம்பித்ததும், வாரத்துக்குக் கால் மணி நேரம் கூட்டிக்கொண்டே போகலாம்.

முதல் இரண்டு வாரம் நரகம். பகலில் கண் எரியும். வண்டி ஓட்டுபவர்கள் ஜாக்கிரதை. வலிப்பு நோய், பைபோலார் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் பெரும்பாலோருக்குப் பலன் தெரிகிறது. கட்டிலைப் பற்றி மூளை படித்த தப்புப் பாடத்தை அழிப்பதற்கு அவ்வளவு நாள் வேண்டியிருக்கிறது.

வியர்வையே ராத்திரியைக் கெடுக்கிறது என்றால் அதற்கும் வைத்தியம் உண்டு. ஹார்மோன் சிகிச்சைதான் இருப்பதிலேயே வலுவானது. 2002 ஜூலையில் அமெரிக்காவின் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வின் ஒரு பகுதி மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் காட்டி நிறுத்தப்பட்டதும், உலகமே இந்தச் சிகிச்சையைக் கைவிட்டது. அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63 என்பது பலர் காதில் விழவில்லை. 60 வயதுக்குள், மெனோபாஸ் வந்து 10 வருடத்துக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களுக்கு, பொதுவாக நன்மையே அதிகம் என்பதுதான் இப்போதைய நிலைப்பாடு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வும் இந்த மருந்துகளோடு அச்சிடப்படும் கடுமையான 'கறுப்புக் கட்ட' எச்சரிக்கையில் பெரும்பகுதியை நீக்குவதாக 2025 நவம்பரில் அறிவித்தது. ஆனாலும் மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம் வந்தவர்களுக்கும், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் இது பொதுவாக ஆகாது. கர்ப்பப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகக் கொடுக்கவும் கூடாது. பக்கத்து வீட்டு அக்காவின் சீட்டைக் காட்டி வாங்குகிற மருந்து அல்ல இது.

ஹார்மோன் கூடாதவர்களுக்குக் குறைந்த அளவில் சில மனச்சோர்வு மருந்துகள், ராத்திரி வேளையில் கேபபென்டின் போன்றவை கைகொடுக்கின்றன. மனச்சோர்வு மருந்து எழுதினால் 'என்னைப் பைத்தியம்னு நெனச்சிட்டாங்க' என்று தூக்கியெறிய வேண்டாம். மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டிலும் அவை வேலை செய்கின்றன. துள்ளும் நரம்பணுக்களையே குறிவைக்கும் ஃபெசோலினிடன்ட்டுக்கு அமெரிக்கா 2023-ல் அனுமதி கொடுத்தது. கல்லீரலைக் கண்காணித்துக்கொண்டேதான் அதைக் கொடுக்க வேண்டும்.

சின்னச் சின்ன ஏற்பாடுகளும் உண்டு. தலைமாட்டில் மாற்று நைட்டி, ஒரு துண்டு, சொம்பில் தண்ணீர். எழுந்து பீரோவைத் திறக்காமல், லைட் போடாமல் மாற்றிக்கொள்ளலாம். ஆளுக்கொரு போர்வை. மனைவி பக்கம் ஒரு டேபிள் ஃபேன் வைத்துவிட்டால் சீலிங் ஃபேன் சண்டை முடிந்தது. நைலான் நைட்டிக்கு விடைகொடுங்கள்.

ஆறு போன் கால்கள்

இதெல்லாம் சென்னை, கோவை கார்ப்பரேட் ஆஸ்பத்திரி சமாச்சாரம், எங்கள் ஊருக்கு ஏது தூக்க நிபுணர் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 2016-ல் வெளியான ஓர் ஆய்வு அதற்கு வழிகாட்டுகிறது. 40 முதல் 65 வயதுக்குட்பட்ட, ஹாட் ஃபிளாஷும் தூக்கமின்மையும் உள்ள 106 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு எட்டு வாரத்தில் ஆறு முறை போன் செய்து சி.பி.டி.-ஐ கற்றுக்கொடுத்தார்கள். போனில் பேசியவர்கள் தூக்க மருத்துவ நிபுணர்கள் அல்ல, பயிற்சி பெற்றவர்கள். பொதுவான மெனோபாஸ் ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் தூக்கம் தெளிவாக மேம்பட்டது. ஹாட் ஃபிளாஷ் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. ஆனால், அதனால் வாழ்க்கை தடுமாறுவது குறைந்தது.

தமிழ்நாட்டில் இதற்கான ஆள்பலம் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் பிரஷர், சுகர் மாத்திரைகளோடு வீடு வீடாகப் போகிறார்கள். கதவைத் திறப்பவரில் பலரும் இந்த வயதுப் பெண்கள்தான். 'டெலி மானஸ்' மனநல உதவி எண்ணான 14416 தமிழிலும் பேசுகிறது. அந்தத் தன்னார்வலர்களுக்கு நாலு நாள் பயிற்சியும், கையில் ஒரு பக்கத் தூக்க டைரியும் கொடுத்து, யாரை மகப்பேறு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், யாருக்கு ஆறு போன் கால் போதும் என்று பிரிக்கச் சொல்லிக்கொடுத்தால், தர்மபுரிப் பெண்ணை மந்திரிக்கக் கூட்டிப்போக வேண்டியிருக்காது. பிரஷர் பார்க்கும் கருவியைக் கையில் கட்டும்போது, 'ராத்திரி தூக்கம் எப்படிம்மா இருக்கு?' என்று கேட்க அரசாணைகூடத் தேவையில்லை.